எதற்கு எழுதுகிறாய் என்று கேட்டால்

எழுத வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் சில வார்த்தை. நீங்கள் கேட்கவில்லைதான். வயதானவர்கள் கேட்டா சொல்கிறோம்?

1. எதற்காக எழுதுகிறாய் என்று யாராவது மைக்கை நீட்டினால் சமூக மாற்றம், மொழித்தொண்டு என்று எதையாவது சொல்லிவிட்டு வா. வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் உண்மையான காரணத்தை எழுது. பெயரை அச்சில் பார்க்க ஆசை, பங்காளி மேல் தீராத கோபம், பேச்சில் ஜெயிக்க முடியாத ஆளை எழுத்தில் ஜெயிக்கிற வெறி, எதுவானாலும் பரவாயில்லை. அற்பக் காரணத்திலிருந்தும் நல்ல கதை வந்திருக்கிறது. காரணம் தெரியாமல் எழுதுகிறவன்தான் நாலு வருஷத்தில் 'தமிழனுக்கு ரசனையே இல்லை' என்று கிளம்பிவிடுகிறான்.

2. வாசகர் இல்லாமலும் எழுதலாம். ஆனந்தரங்கப் பிள்ளையைப் பார். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், பெரிய வியாபாரி. 1736இல் தொடங்கி 1761இல் சாகும் காலம் வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்த செய்தி, யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, சந்தை வதந்தி, வழக்கு வியாஜ்யம் எல்லாம் கணக்கு எழுதுகிற கையாலேயே எழுதியது. கவர்னரின் மனைவியான துரைசானி மேல் இருந்த கடுப்பும் அதில் உண்டு. காலையில் கவர்னர் மாளிகையில் கும்பிட்டு நின்றவருக்கு அதை வேறெங்கே கொட்ட முடியும்? அச்சேறியது அவர் போய் நூறு வருஷத்துக்கும் மேலே கழித்து. பதிப்பகம், விருது, மதிப்புரை ஒன்றும் கிடையாது. கால் நூற்றாண்டு அந்தக் கை ஓயவில்லை.

3. காசுக்காக என்றால் வெட்கப்படாதே, கணக்கு மட்டும் போட்டுக்கொள். ராயல்டி பத்து சதவீதம் என்று வை. 200 ரூபாய் புத்தகம் 300 பிரதி விற்றால் 6,000 ரூபாய். அதுவும் கேட்டு வாங்கினால். வேலையை விட்டுவிட்டு எழுதப்போகிறேன் என்று வருகிற பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைத்தான் முதலில் காட்டுகிறேன். சினிமா வசனம், தொடர் என்று போனால் கணக்கு வேறு. அங்கே வேலையும் வேறு.

4. விருது இலக்கு ஆகாது. அது தேர்வுக்குழுவின் வேலை. தினம் ஒரு பக்கம், அது உன் வேலை.

5. எண்ணிக்கையில் மயங்காதே. சிறுகதைக்காரர் மௌனி வாழ்நாளில் எழுதியதே இரண்டு டஜன் கதை சொச்சம்தான். இதைச் சாக்காக வைத்துச் சோம்பேறியாக இருக்கிறவர்களும் உண்டு, அவர்களையும் எனக்குத் தெரியும்.

6. உன் காரணத்துக்குச் சோதனை வெளியிலிருந்து வராது, சொந்தக்காரர்களிடமிருந்து வரும். எழுத்தாளர் பாமா கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்த பிறகு, மனசு ஆறத் தன் வாழ்க்கையையே எழுதிய புத்தகம் 'கருக்கு'. 1992இல் வந்தது. ஊர்ப் பேச்சு அப்படியே எழுத்தில் ஏறியிருந்தது. படித்தவர்களில் சிலர் இது என்ன தமிழ் என்று முகம் சுளித்தார்கள். அதை விடு, சொந்த ஊரிலேயே எதிர்ப்பு வந்தது. புகழுக்கு எழுதியிருந்தால் அங்கேயே ஒதுங்கியிருக்கலாம். அவர் மேலே மேலே எழுதினார். உன் சித்தப்பா படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தால் என்ன செய்வாய் என்று இப்போதே யோசித்து வை. பெயரை மாற்றிப் போட்டால் மட்டும் தப்பிக்க முடியாது, சித்தப்பாவுக்குத் தன் மூக்கு தெரியும்.

7. காரணம் மாறும். கோபத்தில் தொடங்கியவனுக்குக் கோபம் தீர்ந்துபோகும். அப்போது கொஞ்ச நாள் எழுத்து வராது. பயப்படாமல் படி, ஊர் சுற்று, வீட்டு வேலை செய்.

8. கடைசியாக, உன் பணத்தைக் கேட்டுப் புத்தகம் போடும் பதிப்பாளர் பற்றி. அச்சில் பெயர் பார்ப்பதுதான் ஆசை என்றால் ஐம்பது பிரதி போட்டுக்கொள், இப்போது அந்த வசதி இருக்கிறது. கல்யாண வீட்டில் கொடு, சந்தோஷமாக இரு. ஆயிரம் பிரதி போட்டால்தான் மரியாதை என்று எவனாவது சொன்னால், அவற்றை எந்த அறையில் அடுக்குவது என்று உன் வீட்டுக்காரர்களிடம் முதலில் கேட்டுக்கொள்.