சுழல்வட்டத்தை எப்போது சுழலவிடுவது, எப்போது நிறுத்துவது?

குறிஞ்சாக்கேணியில் ஒரு மாணவி சாதாரணதரப் பெறுபேறு பார்க்க, கைத்தொலைபேசியில் சுட்டெண்ணை அடித்துப் பொத்தானை அழுத்துகிறாள் என்று வையுங்கள். நாடே அந்த நேரத்தில் அதே வேலையில்தான் இருக்கும். திரையில் அசைவில்லாவிட்டால் அவள் திரும்பத் திரும்ப அழுத்துவாள். சேர்வருக்குச் சுமை கூடும். லோடிங் ஸ்பின்னர் எனும் சுழல்வட்டம் இதைத் தடுக்கத்தான்.

1. முதலில் பொத்தானை முடக்குங்கள். அழுத்திய கணமே அதன் நிறம் மாறட்டும். ஒரே கோரிக்கை இருமுறை போகாது.

2. உடனே சுழலவிடாதீர்கள். 0.1 நொடிக்குள் பதில் வந்தால் உடனடி என்றே தோன்றும். 1 நொடிவரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 நொடிக்கு மேல் கவனம் கலைந்துவிடும். ஜேக்கப் நீல்சன் 1993இல் நூலாக்கிய அளவுகள் இவை. டைமர் வைத்து, 1 நொடி கடந்தால் மட்டும் வட்டத்தைக் காட்டுங்கள். மின்னி மறையும் வட்டம் கண்ணை உறுத்தும்.

3. வட்டத்தை சிஎஸ்எஸ்ஸில் வரையுங்கள். சிறு சதுரப் பெட்டிக்கு விளிம்பு போட்டு, ஒரு பக்க நிறத்தை மாற்றி, மூலைகளை 50% வளைத்து, 360 பாகை சுழற்றினால் போதும். பூட்ஸ்ட்ராப் 4.2 முதல் இது ஆயத்தமாகவே கிடைக்கிறது. டேட்டாவைத் தின்னும் ஜிஃப் படம் வேண்டாம்.

4. வட்டத்துக்கு அருகில் சொல் வையுங்கள். “பெறுபேறு தேடப்படுகிறது” என்று பயனர் தெரிந்தெடுத்த மொழியில் எழுதுங்கள். அந்த இடத்துக்கு ‘ஸ்டேட்டஸ்’ என்ற ரோல் கொடுத்தால், பார்வையற்றோரின் திரைவாசிப்பான் அதைப் படித்துச் சொல்லும். அசைவைக் குறைக்கும்படி தொலைபேசியில் அமைத்தவர்களுக்குச் சுழற்சி இல்லாமல் சொல்லை மட்டும் காட்டுங்கள்.

5. நிறுத்த மறக்காதீர்கள். பலர் பதில் வந்தால் மட்டும் வட்டத்தை நிறுத்துகிறார்கள். பிழை வந்தால் அது முடிவின்றிச் சுழலும். நிறுத்தும் வரியை ஜாவாஸ்கிரிப்ட்டின் ‘ஃபைனலி’ பகுதியில் எழுதினால் இரண்டு வழியிலும் நிற்கும். காலக்கெடுவும் வையுங்கள். அது கடந்தால் கோரிக்கையைக் கைவிட்டு, “தொடர்பு கிடைக்கவில்லை” என்று சொல்லி, மீண்டும் முயலும் பொத்தானைத் திறந்துவிடுங்கள். அடித்த சுட்டெண் அழியக்கூடாது.

6. மெதுவான இணைப்பில் சோதியுங்கள். குரோமின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் வேகத்தைக் குறைத்தும், இணைப்பைத் துண்டித்தும் பாருங்கள்.

சுழல்வட்டம் சேர்வரை வேகமாக்காது. வேலை நடக்கிறதா, நின்றுவிட்டதா என்பதை உள்ளபடி சொல்வதே அதன் வேலை. அதைச் சொல்லாத வட்டத்தை வலைப்பக்கத்தில் வைக்காதீர்கள்.