கேட்டதைச் சொல்லிக் காட்டுங்கள்

மருத்துவர் கூறும் அறிவுரைகள் அனைத்தையும் ஒருமுறை கேட்டு நினைவிற்கொள்வது எவருக்கும் அரிது. புதியனவற்றைத் தாங்கிநிற்கும் செயல்நினைவு ஒரே வேளையில் ஏறத்தாழ நான்கு செய்திகளையே ஏற்கும். வலியும் அச்சமும் அதனை மேலும் குறுக்கும்.

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் இதற்கு வழி கூறியுள்ளார். ஆசிரியரிடம் கேட்பதால் கால் பங்கும், உடன்பயில்வோருடன் பழகுவதால் கால் பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் கல்வி நிறைவுறும் என்பது அவர் கருத்து. நினைவிலிருந்து மீட்டுச் சொல்வது மறதியைக் குறைக்கும் என்று இன்றைய உளவியலும் கூறுகிறது.

ஆகவே, ஆலங்குளத்திலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் வரும் குடும்பத்தினரை, மருந்தின் அளவையும் வேளையையும் தம் சொற்களிலேயே திரும்பக் கூறுமாறு வேண்டுகிறோம். இது உங்களுக்கு வைக்கும் தேர்வன்று. எங்கள் விளக்கம் தெளிவாக இருந்ததா என்று நாங்கள் அறிந்துகொள்ளும் வழி.

வீட்டில் ஒருவர் இன்சுலின் போட்டதை அறியாமல் மற்றவரும் போட்டுவிட்டால், இரத்தச் சர்க்கரை உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குத் தாழக்கூடும். எனவே உடன் வராத உறவினருக்கும் நீங்களே சொல்லிக்கொடுங்கள். சொல்லும்போது தடுமாறும் இடத்தைக் குறித்துவைத்து, அடுத்த வேளை மருந்துக்கு முன்னரே எங்களிடம் கேளுங்கள்.