கடனைப் பிள்ளைகளிடம் மறைக்கலாமா?

ஜனாஸாத் தொழுகைக்கு அணிகள் சீராகி நிற்கின்றன. இமாம் அவர்கள் தக்பீர் கட்டுவதற்கு முன், மய்யித்தின் மூத்த மகன் முன்னே வந்து, “எங்கள் அத்தா யாருக்கேனும் கடன் தர வேண்டியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் பொறுப்பேற்றுக் கொள்கிறேன்” என்று கூறுகிறார். நம் ஊர்களில் நாம் பலமுறை கண்ட காட்சிதான் இது. ஆனால் அப்படிக் கூறும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, தாம் எதற்குப் பொறுப்பேற்கிறோம் என்பது தெரியும்? கடன் எவ்வளவு, யாரிடம் வாங்கியது, அடகுச் சீட்டு எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் அடக்கம் முடிந்த பிறகு, வாசலுக்கு வருகிறவர்களின் வாயிலிருந்தல்லவா பலர் அறிந்து கொள்கிறார்கள்!

செங்கல்பட்டு மாவட்டத்துச் சிறுசேரியில் ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். அங்குள்ள சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்கு ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிப் பிழைப்பவர் அந்தச் சகோதரர். வேனைக் கடனில் வாங்கியிருந்தார். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்து, ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியதும் வேன் நின்றது. தவணையை ஆறு மாதம் ஒத்திப் போட்டார்கள். ஆனால் அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறிக் கொண்டுதான் இருந்தது. மனைவியின் நகை அடகுக்குப் போயிற்று. அங்கும் இங்கும் கைமாற்று வாங்கினார்.

“பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் கூடாது” என்பார் அவர். ஒருநாள் கடன் கொடுத்தவர் வந்து கதவைத் தட்டினார். உள்ளறையில் இருந்துகொண்டே தம் பத்து வயது மகனிடம், “அத்தா வெளியே போயிருக்காங்கன்னு சொல்லிட்டு வா” என்று அனுப்பினார். பையனும் போய் அப்படியே சொல்லிவிட்டு வந்தான்.

சகோதரர்களே! சற்றுச் சிந்தியுங்கள். அந்தப் பிள்ளைக்குக் கடனைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நாம் சொல்ல முடியுமா? அவனுக்கு அன்றே தெரிந்துவிட்டது. தந்தையின் வாயால் உண்மையாகத் தெரிய வேண்டியது, தன் வாயால் சொன்ன பொய்யாகத் தெரிந்தது. அதுதான் வேறுபாடு.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகக் கடனை விட்டுப் பாதுகாப்புக் கோருகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய்யுரைக்கிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்ற கருத்தில் விளக்கம் அருளினார்கள். கடன் பொருளை மட்டும் தின்பதில்லை; ஈமானின் அழகையும் தின்கிறது. அதில் பிள்ளைகளையும் கூட்டாக்கலாமா?

ஸஹாபாப் பெருமக்கள் இதில் எப்படி நடந்து கொண்டார்கள் என்று பார்ப்போம். ஹிஜ்ரி 3-ல் (கி.பி. 625) உஹதுப் போருக்கு முந்திய இரவு, அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் தம் மகன் ஜாபிர் (ரலி) அவர்களை அழைத்தார்கள். நாளை முதலில் கொல்லப்படுவோரில் தாமும் ஒருவராக இருக்கக்கூடும் என்றும், தமக்குள்ள கடனை அடைத்துவிட வேண்டும் என்றும், சகோதரிகளிடம் நல்லபடி நடந்து கொள்ள வேண்டும் என்றும் கூறினார்கள். மறுநாள் ஷஹீதானார்கள். கடன்காரர்கள் விட்டுக் கொடுக்க மறுத்தபோது, ஜாபிர் (ரலி) நபி (ஸல்) அவர்களிடம் சென்று நின்றார்கள். நாயகம் அவர்கள் பேரீச்சங் குவியலுக்கு வந்து பரக்கத்துக்காக துஆச் செய்ய, கடன் முழுவதும் தீர்ந்து மிச்சமும் இருந்தது. தந்தை முன்பே சொல்லியிருந்ததால் பிள்ளை திகைத்து நிற்கவில்லை.

ஹிஜ்ரி 36-ல் (கி.பி. 656) ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களும் அவ்வாறே செய்தார்கள். தம் பெருங்கவலையெல்லாம் கடன்தான் என்று மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களிடம் மனம் திறந்தார்கள். சிரமம் வந்தால் தம் எஜமானனிடம் உதவி கேட்கும்படி கூற, அந்த எஜமானன் யார் என மகன் கேட்டார்கள், அல்லாஹ் என்றார்கள். 22 லட்சம் கடன்! மகனோ அதைத் தீர்த்த பின்னும் சொத்தைப் பங்கிடவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுடைய காலத்தில், தம் தந்தையிடம் கடன் உள்ளவர் வரலாம் என்று அறிவித்த பிறகே பங்கிட்டார்கள்.

அப்படியானால் சிறு பிள்ளையிடமும் கணக்கை விரித்துவிடலாமா? கூடாது. ஜாபிரும் அப்துல்லாஹ்வும் வளர்ந்த பிள்ளைகள். சொல்வதற்கும் சுமத்துவதற்கும் வேறுபாடு உண்டு. சின்னஞ்சிறு பிள்ளைக்கு, “இந்த மாதம் கையில் குறைவாக இருக்கிறது, இன்ஷா அல்லாஹ் பிறகு வாங்கலாம்” என்பது போதும். அது பொய்யும் அல்ல, பாரமும் அல்ல. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு, கடன் இருக்கிறது, அதை அடைப்பது அத்தா அம்மாவின் வேலை, உன் வேலை படிப்பது என்று சொல்லலாம். பருவமடைந்து விவரம் தெரிந்த மகனும் மகளும் பெயரும் தொகையும் அறிந்திருக்க வேண்டும்.

“உன் படிப்புக்காகத்தானே கடன்பட்டேன்” என்று குத்திக் காட்டுவதைத் தவிர்ப்போம். கணவன் மனைவியையும், மனைவி கணவனையும் பிள்ளைகள் முன் பழிக்க வேண்டாம். வட்டிக்கு வாங்கியிருந்தால், “தவறு செய்துவிட்டோம், தவ்பாச் செய்து மீள முயல்கிறோம்” என்று ஒப்புக் கொள்வதில் வெட்கமில்லை. மறைத்தால், வட்டி என்பது வீட்டில் வழக்கமான ஒன்றென்று பிள்ளை எண்ணிவிடும்.

இன்னொன்றையும் சொல்லி வையுங்கள். மய்யித்தின் சொத்திலிருந்து கடனை அடைத்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு. சொத்து போதாவிட்டால் மீதியைத் தம் கைப்பொருளிலிருந்து கொடுப்பது பிள்ளைகளின் மேல் கட்டாயமில்லை. கொடுத்தால் அது பெரும் நன்மை. நம் நாட்டுச் சட்டமும் தந்தை விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசைப் பொறுப்பாக்குகிறது. கந்துவட்டியைத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. மிரட்டல் வந்தால் முறையிட வழி உண்டு. இதை அறிந்த வீடு அஞ்சி ஒடுங்காது.

குர்ஆன் ஷரீபின் மிக நீண்ட ஆயத்து, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். யாரிடம், எவ்வளவு, எந்தத் தேதி, எவ்வளவு திருப்பியது என்று எழுதுங்கள். அடகுச் சீட்டையும் அதனுள் வையுங்கள். இல்லத்தரசிக்கும் மூத்த பிள்ளைக்கும் அது இருக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

சிறுசேரிச் சகோதரர் பிறகு தம் மகனை அருகில் அமர்த்தி, “அன்று உன்னைப் பொய் சொல்ல வைத்தது என் தவறு தம்பி” என்றாராம். அடுத்த முறை கதவு தட்டப்பட்டபோது அவரே எழுந்து சென்று, “இந்த மாதம் பாதிதான் தர முடியும்” என்றார். வந்தவர் முகம் சுளித்தாலும் வாங்கிக் கொண்டு போனார். பையன் அதைப் பார்த்துக் கொண்டிருந்தான்.

அல்லாஹ் நம் அனைவரையும் கடனின் இழிவை விட்டும் காத்து, கடனோடு மரணிக்காமல் இருக்க அருள்வானாக! ஆமீன்.