ஐ.சி.டி. வழியாகச் சரக்கு அனுப்புகிறீர்களா? இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள்

கப்பல் துறைமுகத்தில் நடக்கும் கஸ்டம்ஸ் வேலையைத் திருப்பூர், இருகூர் ஐ.சி.டி.கள் (உள்நாட்டுக் கன்டெய்னர் டிப்போக்கள்) ஊருக்குள்ளேயே முடித்துத் தருகின்றன. சீல் சரியாக இருந்து சந்தேகமும் எழாவிட்டால், தூத்துக்குடியிலோ கொச்சியிலோ பெட்டியைத் திறக்காமலே கப்பலில் ஏற்றிவிடுவார்கள். ஆனால் ஐ.சி.டி. கேட்டைத் தாண்டியதும் வேலை முடிந்தது என்று இருந்தவர்கள்தான் அதிகம் மாட்டியிருக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை

• ஏ.டி. கோடு (உங்கள் பேங்கின் அந்நியச் செலாவணிக் கோடு) பதிவில் உங்கள் ஐ.சி.டி.யும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லாவிட்டால் ஷிப்பிங் பில் போடும்போது இடிக்கும்.

• காலி கன்டெய்னருக்குள் ஆளை நிறுத்திக் கதவைச் சாத்திப் பாருங்கள். வெளிச்சம் நுழையும் ஓட்டையில் மழைத் தண்ணீரும் நுழையும்.

• வி.ஜி.எம். எடையை (பெட்டியும் சரக்கும் சேர்ந்த எடை) நீங்களே சரிபார்த்துக் கொடுங்கள். 2016 ஜூலை 1 முதல் அது இல்லாமல் பெட்டி கப்பலேறாது. எடைக்குப் பொறுப்பு ஷிப்பரான நீங்கள்தான்.

• துறைமுகக் கட்-ஆஃப் நேரத்தைக் கேட்டு, அதிலிருந்து பின்னோக்கி நாள் குறியுங்கள். சாலைப் பயணமும் கேட் வரிசையும் உங்கள் நேரத்தைத்தான் தின்னும்.

• கப்பல் கிளம்பியதும் ஐ.சி.டி. இ.ஜி.எம். (ஏற்றுமதிச் சரக்குப் பட்டியல்), துறைமுக இ.ஜி.எம். இரண்டும் ஏறியதா என்று கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் பாருங்கள். ஒன்று விடுபட்டாலும், ஒன்றோடொன்று பொருந்தாவிட்டாலும் ஐ.ஜி.எஸ்.டி. ரீஃபண்ட் தொங்கும்.

செய்யக்கூடாதவை

• விற்பனை ஒப்பந்தத்தில் பழக்கதோஷத்தில் எஃப்.ஓ.பி. என்று எழுதாதீர்கள். பெட்டியை ஐ.சி.டி.யில் ஒப்படைத்த பிறகும், கப்பலேறும்வரை ரிஸ்க் உங்கள் தலையில். ஐ.சி.டி.யில் ஒப்படைத்ததும் ரிஸ்க் கைமாறும்படி எஃப்.சி.ஏ. கேளுங்கள், பேங்க் கேட்கும் ஆன்-போர்டு பி.எல். (பில் ஆஃப் லேடிங்) வாங்க இன்கோடெர்ம்ஸ் 2020-இல் வழி இருக்கிறது.

• சீல் நம்பரைப் போனில் கேட்டு எழுதாதீர்கள், போட்டோ வாங்குங்கள். ஓர் எண் மாறினாலும் துறைமுக கேட்டில் பெட்டி நிற்கும்.

• பூச்சி நீக்கியதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இல்லாத மரப் பேலட்டை ஏற்றாதீர்கள். பையர் நாட்டில் சரக்கையே திருப்பி அனுப்பக்கூடும்.

• ஃப்ரீ டேஸ் ஒரே கணக்கு என்று நம்பாதீர்கள். ஐ.சி.டி. தரைவாடகை வேறு, ஷிப்பிங் லைனின் டிடென்ஷன் வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள்.

• டெலிவரி தேதி நெருக்கும்போது எல்.சி.எல்.லில் போடாதீர்கள். கூட ஏறிய அடுத்தவர் சரக்கு கஸ்டம்ஸில் சிக்கினால் உங்களுடையதும் சேர்ந்து காத்துக்கிடக்கும்.

• கஸ்டம்ஸ் ஏஜென்டான சி.எச்.ஏ.விடம் வெற்று லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். சரக்கு விவரமோ மதிப்போ தவறினால் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.