கோழிக் கூட்டுக்குப் பாம்பு ஏன் வருகிறது?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். உள்கடன் வாங்கிக் கோழி வளர்க்கும் ஒரு அக்கா தவணை கட்டவில்லை. ஏன் என்று கேட்டோம். அடை வைத்த 13 முட்டையில் பாதிக்கு மேல் நல்ல பாம்பு தின்றுவிட்டதாம். அதோடு போகவில்லை. விடியற்காலை இருட்டில் பஞ்சாரத்துக்குள் கையை விட்டபோது விரலிலும் கடித்துவிட்டது. வீட்டார் முதலில் மந்திரிக்கக் கூட்டிப் போய் இரண்டு மணி நேரத்தைப் போக்கிவிட்டார்கள். பிறகுதான் அரசு மருத்துவமனை. உயிர் பிழைத்தது, ஆனால் விரல் இன்னும் மடங்கவில்லை, நாற்று நடப் போக முடியவில்லை. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

பாம்பு கோழிக்காக வருகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் எலிக்காக வருவதே அதிகம். சாயங்காலம் கம்பும் நொய்யும் இறைத்துவிட்டு, மிச்சத்தை அப்படியே விட்டுப் படுத்துவிடுகிறோம். ராத்திரி எலி வரும். எலி வந்தால் பின்னாலேயே சாரை வரும், கண்ணாடி விரியன் வரும். எலி தோண்டிய வளையிலேயே நல்ல பாம்பு குடியிருக்கும். முட்டையும் குஞ்சும் அதற்குக் கூடுதல் தீனி, அவ்வளவுதான். ஆகவே வேலையை எலியிடமிருந்து தொடங்குங்கள். அரை மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவுக்குத் தீனி போடுங்கள். மிச்சத்தைக் கூட்டி அள்ளிவிடுங்கள். தவிட்டு மூட்டையை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கூட்டை ஒட்டி விறகு, எருமுட்டை, உடைந்த ஓடு எதையும் அடுக்காதீர்கள். வளைகளைக் கல்லும் மண்ணும் போட்டு இறுக்கி அடையுங்கள். அதையும் பகலில், நீளக் கம்பு வைத்துச் செய்யுங்கள், வெறுங்கை வேண்டாம்.

கூட்டுக்குக் கம்பி வலை அடிப்பவர்கள் கண்ணின் அளவைப் பார்த்து வாங்குங்கள். கோழி வலை என்று கடையில் கொடுப்பதன் கண் பெரிது, பாம்பு தாராளமாக நுழையும். அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. வலையின் அடிப்பாகம் ஓர் அடி மண்ணுக்குள் இருக்கட்டும். கதவின் கீழே சந்து இருந்தால் மரச்சட்டம் அடியுங்கள். காசு மிச்சம் என்று பழைய மீன் வலையைச் சுற்றுகிறார்கள். அதில் பாம்பு சிக்கிக் கிடக்கும். விடிந்ததும் எடுக்கப் போகிறவருக்குத்தான் ஆபத்து.

சிறியாநங்கை வைத்தால் வராது, பூண்டு கரைத்து ஊற்றினால் வராது, பிளீச்சிங் பவுடர் போட்டால் வராது என்று ஊருக்கு ஒன்று சொல்கிறார்கள். நம்பி ஏமாறாதீர்கள். அந்தக் காசுக்கு ஒரு டார்ச் லைட் வாங்கலாம். டார்ச் அடித்துப் பார்க்காமல் கூட்டுக்குள் கை விடுவதில்லை என்று இன்றே முடிவெடுங்கள். முட்டையைத் தினமும் சாயங்காலமே எடுத்துவிடுங்கள். அடைக்கோழியைக் கூட்டிலேயே விடாமல், இறுக மூடிய பெட்டியில் தனியாக வையுங்கள். 21 நாள்தானே!

பாம்பைக் கண்டால் அடிக்கப் போகாதீர்கள். அடிக்கப் போய்க் கடிபட்டவர்கள் பலர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றமும்கூட. தள்ளி நின்று, அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே தீயணைப்பு நிலையத்துக்கு 101இல் சொல்லுங்கள். சாரைக்கு விஷம் கிடையாது. எலியைத் தின்று நமக்கு உபகாரம்தான் செய்கிறது.

இனிக் கடித்தால் என்ன செய்வது? இதை இரண்டு முறை வாசித்துக் காட்டுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், மெட்டியை உடனே கழற்றுங்கள், வீங்கினால் கழற்ற முடியாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கையையோ காலையோ அசைக்காமல் 108 ஆம்புலன்சில் ஏற்றுங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். அந்த மருந்துக்கு விஷம் எடுத்துத் தருபவர்கள், 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். அதைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்போடு பிறந்து வளர்ந்த அவர்கள் எடுக்கும் விஷத்தில் தயாராகும் மருந்து ஆஸ்பத்திரியில் இருக்க, நாம் மந்திரிக்கப் போகலாமா?

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வைத்து 20 நிமிடம் பார்ப்பார்கள். "சும்மா உட்கார வச்சிட்டாங்க" என்று சண்டை போட்டுக் கிளம்பிவிடாதீர்கள். ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் சோதனை அது.

கட்டு விரியன் மட்டும் வேறு மாதிரி. தரையில் படுத்திருப்பவரை ராத்திரியில் கடிக்கும். வலி இருக்காது, பல் பட்ட இடமும் தெரியாது. விடிகாலையில் வயிற்று வலி, விழுங்க முடியவில்லை, கண் இமை தொங்குகிறது என்றால் வாயுத் தொல்லை என்று கஷாயம் வைக்காமல் உடனே கிளம்புங்கள். கோழிக்குக் காவலாகத் திண்ணையில் படுப்பவர்கள் கட்டிலில் படுத்து, கொசு வலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள்.

2024இல் தமிழக அரசு பாம்புக் கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. ஒவ்வொரு கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். மந்திரிக்கப் போனால் நம் கணக்கு அதில் வராது.

இந்த மாதக் கூட்டத்தில் ஊக்குநரும் பிரதிநிதியும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ளதா, இரவில் மருத்துவர் இருப்பாரா, இல்லையென்றால் எந்த மருத்துவமனைக்குப் போவது என்று கேட்டு வந்து தீர்மான நோட்டில் எழுதுங்கள். மேலே சொன்ன அக்காவுக்கு அவர் குழு மூன்று தவணையைத் தள்ளி வைத்திருக்கிறது. கூட்டுக்கு வலை அடிக்க 1,500 ரூபாய் உள்கடனும் கொடுத்திருக்கிறார்கள்.