வானத்துக்கு யாரிடம் அனுமதி வாங்குவது?

கேள்வி: சூரிய ஒளியைக் கொஞ்சம் தடுத்தால் பூமி குளிரும் என்கிறார்களே, செய்துபார்த்தால் என்ன தப்பு?

பதில்: குளிரும் என்பது உண்மைதான். 1991-ல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்து, சுமார் 1.5 கோடி டன் கந்தக டை ஆக்சைடை வானில் கக்கியது. அதிலிருந்து உருவான துகள்கள் சூரிய ஒளியைத் தடுத்ததால், மறு ஆண்டே உலகின் சராசரி வெப்பம் ஏறக்குறைய அரை டிகிரி இறங்கியது. கூடவே நிலப்பகுதிகளில் மழையும் குறைந்தது. எரிமலையை யாரும் கேள்வி கேட்க முடியாது. மனிதர்களே விமானத்தில் ஏறி அத்தகைய துகள்களைத் தூவினால், மழை பொய்த்த ஊருக்கு யார் பதில் சொல்வார்கள்?

இந்த யோசனையை ஆராயும் திட்டம் ஒன்றுக்காக, 2021-ல் ஸ்வீடனின் கிருனா நகருக்கு அருகே பலூன் ஒன்றைப் பறக்கவிட ஹார்வர்டு ஆய்வாளர்கள் திட்டமிட்டார்கள். கருவிகளைச் சரிபார்க்க மட்டும்தான். துகள் எதையும் தூவுவதாக இல்லை. ஆனாலும் அந்தப் பகுதியில் துருவ மான்களை மேய்த்து வாழும் சாமி பழங்குடிகளின் பேரவை எதிர்த்துக் கடிதம் எழுதியது. தங்களிடம் கலந்துபேசவே இல்லை என்பது அவர்கள் முறையீடு. அது முழுக்க நியாயமானது. சோதனை நின்றது, 2024-ல் திட்டமே கைவிடப்பட்டது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. தூவிய துகள்கள் ஓரிரு ஆண்டுகளில் கீழே இறங்கிவிடும். கரியமில வாயுவோ நூற்றாண்டுகள் தங்கும். ஆகவே தூவிக்கொண்டே இருக்க வேண்டும். போர் வந்தோ பணம் தீர்ந்தோ திடீரென நிறுத்தினால், அடக்கிவைத்த வெப்பம் சில ஆண்டுகளிலேயே எகிறிவிடும். இன்னும் பிறக்காத பிள்ளைகளின் தலையில் இந்த வேலையைக் கட்ட நமக்கு எந்த உரிமையும் இல்லை. இத்தனைக்கும், கரியமில வாயுவால் கடல்நீர் அமிலமாவது இதனால் நிற்கப்போவதில்லை.