கடல் கடந்து செல்வோர்க்கு ஏற்ற படக்கருவிகள்

வெளிநாட்டுப் பயணம் நம்மனோர்க்குப் பலமுறை வாய்ப்பதன்று. சென்று மீண்டவன் கொணரும் படங்களே, அவ்விடத்தை ஒருகாலும் காண இயலாத அன்னைக்கும் பாட்டிக்கும் கண்ணாய் அமைவன. ஆதலின், படக்கருவிகளுள் எவற்றைக் கொண்டு செல்வது, எவற்றை வீட்டில் வைத்துச் செல்வது என்னும் வினா சிறு வினாவன்று. கடைக்குள் நுழைந்தால் யாவும் வேண்டுவனபோலவே தோன்றும். தோள் தாங்குவதோ சிறிதே. காணக் கருதுவது யாது என்பதை முதற்கண் துணிந்தவனே, கொண்டு செல்வதனையும் துணிய வல்லவன். இவ்வுண்மையை இரண்டு சான்றுகளால் விளக்கி, நம் நாட்டுப் பயணம் ஒன்றில் பொருத்திக் காட்டுவல்.

சென்னைப் படையைச் சார்ந்த லின்னேயஸ் டிரைப் என்பார், 1855-இல் பர்மிய மன்னர் மிண்டோனிடம் சென்ற ஆங்கிலத் தூதுக்குழுவுடன் படம் பிடிப்பவராகச் சென்றார். அக்காலத்தில் இருவகை முறைகள் வழங்கின. 1851-இல் வெளிப்பட்ட ஈரக் கண்ணாடித் தகட்டு முறை மிகத் தெளிவான படத்தைத் தரும். ஆயினும், தகட்டில் மருந்து பூசுதலும், படம் எடுத்தலும், கழுவுதலும் ஈரம் உலருமுன் முடிதல் வேண்டும். இருட்டுக்கூடாரமும் மருந்துப் புட்டிகளும் செல்லுமிடமெல்லாம் உடன் வருதல் வேண்டும். கண்ணாடியோ கனமானது, உடைவது. மெழுகு ஏற்றிய தாள் முறையில் நுண்மை சற்றுக் குறையும். ஆனால் தாளை முன்னரே ஆயத்தஞ் செய்து வைக்கலாம், எளிதிற் சுமக்கலாம், உடையாது. டிரைப் தாளையே தேர்ந்தார். மழைக்காலத்துப் பயணத்திலும் இருநூற்றுக்கு மேற்பட்ட காட்சிகளைக் கொணர்ந்தார். சிறந்த கருவியாவது யாது என்று அவர் வினவினாரல்லர். இப்பயணத்திற்குச் சிறந்தது யாது என்றே வினவினார்.

மற்றொரு சான்று நம் தமிழரே. கோட்டையூர் ஏ. கே. செட்டியார் தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் படப்பிடிப்புக் கலை பயின்றவர். காந்தியடிகளைப் பற்றிய திரைப்படத்தின்பொருட்டு 1937 முதல் உலகின் பல நாடுகளையும் சுற்றி, பலர் பல ஆண்டுகளில் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடித் திரட்டினார். திரண்டவை ஏறத்தாழ 50,000 அடி; 1940-இல் வெளிவந்த படமோ ஏறத்தாழ 12,000 அடி. வேண்டாதவற்றை விலக்கும் துணிவே அப்படத்திற்கு வடிவு தந்தது. எடுத்த பின்னர்ச் செய்யும் இத்தேர்வைப் புறப்படுமுன்னரே ஓரளவு செய்துகொள்வதுதான் பெட்டி கட்டுதல் என்க.

இனி, திருச்செந்தூரினின்றும் இலங்கையிலுள்ள கதிர்காமத்திற்குச் செல்லும் ஒருவனை எண்ணுவோம். முருகன் உறையும் இவ்விரு பதிகளையும் படங்களால் ஒப்பிடுதல் அவன் நோக்கம். செந்தூரில் கடலை அடுத்து ஒன்பது நிலைக் கோபுரம் ஓங்கி நிற்கின்றது. கதிர்காமத்திலோ கோயில் சிறியது. கருவறையை ஓவியந் தீட்டிய திரை மறைத்திருக்கும். அதற்கு அப்பாலுள்ளதை அடியார் காண்பதில்லை. தொலைநோக்கு வில்லை எத்துணை நீண்டதாயினும் அத்திரையை ஊடுருவாது. அங்குக் காணத்தக்கவை மாணிக்க கங்கையில் நீராடும் மக்களும், திருவிழா இரவில் யானைகளும் தீவட்டிகளும் சூழ வரும் ஊர்வலமுமே. ஆகவே அவனுக்கு வேண்டுவது இருளில் ஒளியை மிகுதியாக ஏற்கும் வில்லை. துளையெண் 1.8 உடைய வில்லை, துளையெண் 4 உடையதனினும் ஏறத்தாழ 5 மடங்கு ஒளியை ஏற்கும். குவியத் தொலைவு 35 மில்லிமீட்டராயின் நெரிசலில் அருகில் நிற்போரையும் அடக்கலாம். நெரிசலில் முக்காலியை விரிக்க இடமிராது. அது வீட்டிலேயே இருக்கலாம்.

இத்தேர்வு சரியோ என்று அயல்நாட்டிற் சென்று ஆராய்தல் அறிவுடைமையன்று. செந்தூர்க் கடற்கரையே தக்க சோதனைக்கூடம். காலையில் கோபுரத்தின் கடற்புறமும் மாலையில் மேற்குப்புறமும் ஒளிபெறும். அண்மையில் நின்றால் அடங்காத கோபுரம், நூறடி பின்னே நடந்தால் அடங்கும். காலே ஒரு வில்லையாகும் என்பதை ஆங்குக் கற்கலாம். சூரசம்மார நாளின் நெரிசலில் மணற்காற்றினிடையே வில்லையைக் கழற்றி மாற்றுவதன் தீங்கும் விளங்கும். உப்புக்காற்றில் இருந்த கருவியைச் சற்றே ஈரமான மெல்லிய துணியாலும், பின்னர் உலர்ந்த துணியாலும் துடைத்தல் வேண்டும். குளிரூட்டிய அறையினின்று வெளியே கொணரும்போது சிறிது நேரம் பைக்குள்ளேயே வைத்திருப்பின், வில்லையில் நீர்த்துளி படியாது.

சட்டமும் மரபும் அறிந்து செல்லுதல் வேண்டும். செந்தூர்க் கோயிலைப் பற்றிய வழக்கிலேயே, 2022-இல், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்க ஆணையிட்டது. இலங்கையில் புத்தர் திருவுருவுக்கு முதுகுகாட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது அவமதிப்பாகும். பறக்கும் படக்கருவிக்கு அரசின் இசைவு வேண்டும். வானூர்தியில் செல்வோர் உபரி மின்கலங்களைக் கைப்பையிலேயே வைத்தல் வேண்டும். 100 வாட்-மணிக்கு உட்பட்டவற்றிற்குத் தனி இசைவு வேண்டுவதில்லை. 7.2 வோல்ட்டும் 2 ஆம்பியர்-மணியும் உடைய கலம் 14.4 வாட்-மணியே ஆதலின் அச்சமில்லை. விலையுயர்ந்த கருவியாயின், புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் அதன் எண்ணைக் காட்டிச் சான்று பெற்றுக்கொள்க. மீளும்போது, வெளிநாட்டில் வாங்கியதென்று தீர்வை கேட்கும் இடர் நீங்கும்.

முடிவாக அவன் பையில் இருக்கத்தக்கவை இவை: படப்பெட்டி ஒன்று, வில்லை ஒன்று, மின்கலம் மூன்று, நினைவு அட்டை இரண்டு, மின்னேற்றி, அந்நாட்டு மின்துளைக்கு ஏற்ற செருகி, துணி, மழையுறை. படப்பெட்டி பழுதுற்றால் கைப்பேசி துணைநிற்கும். எடுத்த படங்களை நாள்தோறும் இரண்டாம் இடத்திலும் பதிந்து வைத்தல் இன்றியமையாதது. கருவி போயினும் வேறு வாங்கலாம், கண்ட காட்சி மீளாது.

குறைந்த சுமையுடையவன் நெடுந்தொலைவு நடப்பான். நடப்பவனே மிகுதியாகக் காண்பான். வழியில் முதியவர் ஒருவர் பேச அழைத்தால் அவர் அருகில் அமரவும் அவனுக்கு நேரமிருக்கும். மாணாக்க நண்பர்களே, கடல் கடக்கும் நாள் நுமக்கு வாய்க்குமாயின், வில்லைகளை எண்ணுமுன் காணவிரும்புவனவற்றை ஒரு தாளில் எழுதுமின். அத்தாளே நும் பெட்டியைக் கட்டித் தரும்.